ஊசிப்போன கேஷ்: திரையில காணாத வி.எம். நிஜத்துல எங்கே இருக்கு?

சீனியர் கொடுத்த 20 ஜிபி டிஸ்க் ஃபைல் ஒன்றை பென்டிரைவிலிருந்து லேப் சிஸ்டத்துக்குக் காப்பி பண்றீங்க. அரை மணி நேரம் ஆகுது. டெர்மினலில் பார்த்தா ஃபைல் இருக்கு, சைஸும் சரியா இருக்கு. ஆனா விர்ட்-மேனேஜரைத் திறந்தா லிஸ்டில் அது இல்லவே இல்லை. மூடித் திறந்து பார்க்கறீங்க, இன்னும் இல்லை. பக்கத்து சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "ரீஇன்ஸ்டால் பண்ணிடு மச்சி."

பண்ணாதீங்க. தேவையானது ஒரே ஒரு ரெஃப்ரெஷ். அந்த பட்டன் எங்கே இருக்கு, ஏன் அதை அழுத்தணும், எப்போ அழுத்தக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை. நம்ம பாதிப் பேருடைய ஃபைனல் இயர் புராஜெக்ட் ஏதோ ஒரு வெர்ச்சுவல் மெஷினுக்குள்ளேதான் ஓடிட்டு இருக்கு. ரிவ்யூவுக்கு நாலு நாள் முன்னாடி "இந்த மெஷின் கிடைக்கலை"னு ஒரு மெசேஜ் வந்தா, பதட்டத்துல எதை அழிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் புராஜெக்ட் பிழைக்குமா இல்லையான்னு முடிவாகும்.

ஒரு சின்ன குறிப்பு. 'மெய்நிகர் இயந்திரம்' நல்ல சொல்தான், ஆனா லேப்ல யாரும் அப்படிச் சொல்றதில்லை. அதனால் வி.எம். என்றே எழுதுறேன். கட்டளைகளும் இங்கே தமிழ் எழுத்தில்தான் இருக்கும், டெர்மினலில் நீங்க ஆங்கிலத்தில் அடிச்சுக்கணும்.

ஹாஸ்டல் ஆபீஸ் ரிஜிஸ்டரை நினைச்சுப் பாருங்க. 214-ஆம் ரூமில் யார் யார்னு அதில் எழுதியிருக்கு. ஆனா அந்த ரூமில் இருந்த ஒருத்தன் போன வாரமே ஆபீஸில் சொல்லாம 306-க்கு மாறிட்டான். ரிஜிஸ்டரைப் பொறுத்தவரை அவன் இன்னும் 214-லதான் இருக்கான். அங்கே போய்த் தட்டினா ஆள் இல்லை. ஆள் தொலைஞ்சு போகலை, எழுதி வச்சது பழசாயிடுச்சு, அவ்வளவுதான்.

விர்ச்சுவலைசேஷன் மேனேஜ்மென்ட் மென்பொருள் எல்லாமே இப்படி ஒரு ரிஜிஸ்டர்தான். விர்ட்-மேனேஜர், விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோ, விஎம்வேர் விசென்டர், எதுவுமே வி.எம்.மை நேரா பார்த்துக் காட்டுறதில்லை. உண்மையான விஷயம் ரெண்டு இடத்துலதான் இருக்கு: டிஸ்கில் இருக்கும் ஃபைல்கள், மெமரியில் ஓடிட்டு இருக்கும் ப்ராசஸ். அதுக்கு மேலே ஹோஸ்டில் ஒரு சர்வீஸ் தன்னுடைய குறிப்பை வச்சிருக்கு. பெரிய அமைப்புகளில் அதுக்கும் மேலே ஒரு மைய சர்வரின் டேட்டாபேஸ். கடைசியா உங்க திரை. இதில் ஏதாவது ஒரு படி கீழே நடந்ததைக் கேள்விப்படாம விட்டா, அதுக்கு மேலே இருக்கிற எல்லாமே தப்பு சொல்லும். அதைத்தான் ஊசிப்போன கேஷ்னு சொல்றேன்.

அப்போ கேஷே வேண்டாமே? வேணும். ஒரு கம்பெனியில் 200 ஹோஸ்ட், ஒவ்வொண்ணிலும் 30 வி.எம்.னு வச்சுக்கோங்க. நீங்க மௌஸை நகர்த்துற ஒவ்வொரு முறையும் 6000 மெஷினிடம் போய் "நலமா?"னு கேட்டுட்டு இருந்தா திரை வரவே வராது. அதனால் ஒருமுறை கேட்டு எழுதி வச்சுக்கிட்டு, மாற்றம் வந்தா மட்டும் திருத்திக்கிறது.

முதல்ல, இது கேஷ் பிரச்சினைதானா?

நான் பார்த்த வரைக்கும் "கேஷ் கெட்டுப்போச்சு"ன்னு வர்றவங்களில் நிறைய பேருக்கு கேஷ் நல்லாவே இருக்கு. அவங்க வேற ரிஜிஸ்டரைப் புரட்டிட்டு இருக்காங்க.

லிப்விர்ட்டில் ரெண்டு தனித்தனி உலகம் உண்டு. ஒண்ணு 'சிஸ்டம்', இன்னொண்ணு 'செஷன்'. விர்ட்-மேனேஜர் வழக்கமா சிஸ்டத்தோட இணையும். ஆனா சாதாரண யூசரா 'விர்ஷ் லிஸ்ட்' அடிச்சா, பல சிஸ்டங்களில் அது உங்க தனிப்பட்ட செஷனோட இணையும். அங்கே எந்த வி.எம்.மும் இருக்காது. காலியான லிஸ்டைப் பார்த்து எல்லாம் போச்சுன்னு நினைக்கிறோம். 'விர்ஷ் யூஆர்ஐ' அடிச்சுப் பாருங்க, யாரோட பேசிட்டு இருக்கீங்கன்னு சொல்லிடும். விர்ச்சுவல்பாக்ஸிலும் இதே கதை. அதை 'சூடோ' போட்டுத் திறந்தா ரூட் யூசரின் லிஸ்ட்தான் வரும். உங்க மெஷின்கள் உங்க யூசரின் கீழே பத்திரமா இருக்கும்.

இன்னொண்ணு: ஓடிட்டு இருக்கும் வி.எம்.முக்கு ரேமை 2 ஜிபியிலிருந்து 4 ஜிபி ஆக்கறீங்க, உள்ளே போய்ப் பார்த்தா 2 ஜிபிதான். இதுவும் கேஷ் இல்லை. லிப்விர்ட் ஒரு வி.எம்.முக்கு ரெண்டு விவரக்குறிப்பு வச்சிருக்கு, இப்போ ஓடுறது ஒண்ணு, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகும்போது எடுத்துக்க வேண்டியது இன்னொண்ணு. நீங்க மாத்தினது ரெண்டாவதை. 'விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்' அடிச்சா முதலாவது, அதோட 'இன்ஆக்டிவ்' ஆப்ஷன் சேர்த்தா ரெண்டாவது. வி.எம்.மை முழுசா ஷட்டவுன் பண்ணித் திரும்ப ஆன் பண்ணா சரியாயிடும். உள்ளே இருந்து ரீபூட் கொடுத்தா பத்தாது.

காணாமல் போன டிஸ்க்

இப்போ அந்த 20 ஜிபி ஃபைலுக்கு வருவோம். லிப்விர்ட் டிஸ்க் ஃபைல்கள் இருக்கிற ஃபோல்டரை 'ஸ்டோரேஜ் பூல்'னு சொல்லுது. பூல் ஸ்டார்ட் ஆகும்போது அந்த ஃபோல்டரை ஒருமுறை படிச்சு, என்னென்ன இருக்குன்னு மெமரியில் வச்சுக்கும். அதுக்கப்புறம் தன் வழியா உருவாக்கினதும் அழிச்சதும் மட்டும்தான் அதுக்குத் தெரியும். நீங்க காப்பி கட்டளை போட்டு உள்ளே கொண்டுவந்தது அதுக்குத் தெரியாது. ஆபீஸில் சொல்லாம ரூம் மாறின கேஸ்.

'விர்ஷ் பூல்-ரெஃப்ரெஷ் டிஃபால்ட்' என்று அடிச்சா ஃபோல்டரை மறுபடி படிக்கும். விர்ட்-மேனேஜரில் ஸ்டோரேஜ் பக்கத்தில் வட்டமான அம்புக்குறி போட்ட பட்டன் இருக்கு, அதுவும் இதே வேலைதான். இதில் எந்த ஆபத்தும் இல்லை, எத்தனை முறை வேணும்னாலும் செய்யலாம். தலைகீழாகவும் இது நடக்கும்: ஃபைலை நேரா அழிச்சுட்டீங்க, லிஸ்டில் இன்னும் நிக்குது. மருந்து ஒண்ணுதான்.

இந்த இடத்தில் ஒரு ஆபத்தான பழக்கம் இருக்கு. வி.எம். லிஸ்டில் தெரியலைன்னதும் அதே டிஸ்க் ஃபைலை வச்சுப் புதுசா இன்னொரு வி.எம். உருவாக்கி ஆன் பண்றது. பழைய வி.எம். உண்மையில் பின்னாடி ஓடிட்டு இருந்தா, ஒரே டிஸ்கில் ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரே நேரத்தில் எழுதும், ஃபைல் சிஸ்டம் சின்னாபின்னமாயிடும். 2017-இல் வந்த க்யூஇமு 2.10-இலிருந்து இதுக்கு ஒரு பூட்டு இருக்கு. "ரைட் லாக் கிடைக்கலை, வேற ப்ராசஸ் இந்த இமேஜைப் பயன்படுத்துதா?"ன்னு கேட்டு நின்னுடும். அந்த எர்ரர் வந்தா எரிச்சல்படாதீங்க, உங்க புராஜெக்டைக் காப்பாத்தினதே அதுதான். பூட்டை உடைக்கிற ஆப்ஷன் தேடாம, 'பிஎஸ்' அடிச்சு க்யூஇமு ப்ராசஸ் எது ஓடுதுன்னு பாருங்க.

சிபியு பற்றிய பழைய நினைவு

லிப்விர்ட்டிடம் இன்னொரு கேஷ் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். க்யூஇமுவால் என்னென்ன செய்ய முடியும், கேவிஎம் கிடைக்குதா, இந்த சிபியுவில் என்னென்ன வசதி என்பதையெல்லாம் ஒவ்வொரு முறையும் விசாரிக்க நேரமாகும். அதனால் ஒருமுறை விசாரிச்சு, எக்ஸ்எம்எல் ஃபைலா எழுதி வச்சுக்குது. 'வார்' ஃபோல்டருக்குள் 'கேஷ்', அதுக்குள் 'லிப்விர்ட்', 'க்யூஇமு', கடைசியா 'கேபபிலிட்டீஸ்', அங்கே போனா நீளமான பேர்களோட அந்த ஃபைல்கள் இருக்கும்.

எழுதி வச்சது பழசாயிடுச்சுன்னு லிப்விர்ட்டுக்கு எப்படித் தெரியும்? க்யூஇமு பைனரி ஃபைல் மாறியிருக்கா, லிப்விர்ட் வெர்ஷன் மாறியிருக்கா, கர்னல் மாறியிருக்கா, கேவிஎம் இப்போ கிடைக்குதா என்று செக் பண்ணும். ஒண்ணு மாறியிருந்தாலும் பழசைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி விசாரிக்கும். ஆனா இந்தப் பட்டியல் ஒரே நாளில் வந்ததில்லை, அடிபட்டு அடிபட்டு நீண்டது. 2014-இல் இன்டெல் தன்னுடைய ஹாஸ்வெல் சிபியுக்களில் டிஎஸ்எக்ஸ் என்ற வசதியில் பிழை இருக்குன்னு மைக்ரோகோட் அப்டேட் மூலமா அதை ஆஃப் பண்ணுச்சு. யோசிச்சுப் பாருங்க: அதே சிபியு, அதே க்யூஇமு, அதே லிப்விர்ட், ஆனா நேத்து இருந்த ஒரு வசதி இன்னைக்கு இல்லை. கேஷோ நேத்தைய கதையைச் சொல்லிட்டு இருக்கும். 2018 தொடக்கத்தில் ஸ்பெக்டர் பிரச்சினை வெடிச்சப்போ தலைகீழ் நிலைமை, மைக்ரோகோட் அப்டேட் சிபியுவுக்குப் புது வசதிகளைக் கொடுத்துச்சு, வி.எம்.களுக்கு அது போய்ச் சேரணும். மைக்ரோகோட் வெர்ஷனும் மாறியிருக்கான்னு பார்க்கும் செக் அந்தச் சமயத்தில்தான் லிப்விர்ட்டில் சேர்ந்தது. கேஷ் போடுறது ஈஸி, அது எப்போ செல்லாதுன்னு எல்லாச் சூழ்நிலையையும் முன்கூட்டியே யோசிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு இதில் தெரியும்.

இன்னைக்கும் ஓட்டை இல்லாம இல்லை. க்யூஇமு இருக்க வேண்டிய இடத்தில் யாராவது ஒரு ஷெல் ஸ்கிரிப்டை வச்சு, அது வழியா உண்மையான பைனரியை அழைச்சா, உள்ளே இருக்கும் பைனரி மாறினாலும் வெளியே ஸ்கிரிப்ட் மாறாது. லிப்விர்ட் அந்த ஸ்கிரிப்டைத்தான் பார்த்துட்டு இருக்கும். சோர்ஸிலிருந்து க்யூஇமு கம்பைல் பண்ணி விளையாடுறவங்க இதைக் கவனிக்கணும்.

தீர்வு: லிப்விர்ட் சர்வீஸை நிறுத்துங்க, அந்த கேபபிலிட்டீஸ் ஃபோல்டரில் உள்ள எக்ஸ்எம்எல் ஃபைல்களை அழிங்க, சர்வீஸைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. சர்வீஸ் பேர் பழைய சிஸ்டங்களில் 'லிப்விர்ட்-டி', சில புது சிஸ்டங்களில் 'விர்ட்-க்யூஇமு-டி'. ஓடிட்டு இருக்கும் வி.எம்.கள் இதனால் நிக்காது, ஒவ்வொண்ணும் தனி ப்ராசஸ், சர்வீஸ் திரும்பி வந்ததும் அவற்றோட மறுபடி இணைஞ்சுக்கும். அப்புறம் 'விர்ஷ் டாம்கேபபிலிட்டீஸ்' அடிச்சுப் பார்த்தா புது விவரம் வந்திருக்கும்.

இங்கே ஏன் தைரியமா அழிக்கச் சொல்றேன்? ஃபோல்டர் பேரைப் பாருங்க. லினக்ஸில் 'வார்'-இன் கீழ் 'கேஷ்' என்ற இடத்துக்கு ஒரு ஒப்பந்தம் உண்டு: இங்கே இருப்பதை அழிச்சா டேட்டா போகாது, புரோகிராம் மறுபடி உருவாக்கிக்கணும். ஆனா 'எட்சி'-இன் கீழ் 'லிப்விர்ட்', 'க்யூஇமு' என்று இருக்கும் ஃபோல்டரிலும் இதே மாதிரி எக்ஸ்எம்எல் ஃபைல்கள் இருக்கும். அவை கேஷ் இல்லை, உங்க வி.எம்.களின் ஒரே விவரக்குறிப்பு. ரெண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவதை அழிச்சா சில விநாடிகளில் திரும்ப வரும், ரெண்டாவதை அழிச்சா வராது. அதை எடிட்டரில் திறந்து நேரா மாத்துறதும் வேண்டாம், சர்வீஸ் தன் மெமரியில் இருப்பதை வச்சு மேலே எழுதிடும். ஃபைலின் தலையிலேயே 'விர்ஷ் எடிட்' பயன்படுத்துங்கன்னு எழுதி வச்சிருக்காங்க, யாரும் படிக்கிறதில்லை.

விர்ச்சுவல்பாக்ஸ்: நம்மாளு

லேப்டாப்பில் பெரும்பாலும் இதுதான். பின்னணியில் 'விபாக்ஸ்எஸ்விசி'ன்னு ஒரு ப்ராசஸ் எல்லா செட்டிங்கையும் மெமரியில் பிடிச்சு வச்சிருக்கும். மெஷின் ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் டி டிரைவுக்கு நகர்த்தினா, மெஷின் 'இன்ஆக்சசிபிள்' ஆயிடும். அந்தப் பதிவை லிஸ்டிலிருந்து நீக்கிட்டு, 'ஆட்' கொடுத்து புது இடத்தில் இருக்கும் மெஷின் ஃபைலைக் காட்டினா போதும். முதல்லேயே மெஷின் மெனுவில் இருக்கும் 'மூவ்' வழியா நகர்த்தியிருந்தா இந்த வேலையே இல்லை.

டிஸ்க் ஃபைலைக் காப்பி பண்ணி ஃப்ரெண்டுக்காக இன்னொரு மெஷின் போடும்போது "இந்த யூயூஐடியோட ஒரு ஹார்ட் டிஸ்க் ஏற்கனவே இருக்கு"ன்னு வரும். ஒவ்வொரு டிஸ்க் ஃபைலுக்குள்ளும் ஒரு அடையாள எண் இருக்கு, காப்பி பண்ணும்போது அதுவும் சேர்ந்தே காப்பி ஆகும். உண்மையிலேயே ரெண்டு காப்பி வேணும்னா விர்ச்சுவல்பாக்ஸின் 'குளோன்' வசதியைப் பயன்படுத்துங்க, புது எண் கிடைக்கும். பழைய ஃபைல் அழிஞ்சே போச்சு, பதிவு மட்டும் நிக்குதுன்னா, 'விர்ச்சுவல் மீடியா மேனேஜர்' திறந்து அதை 'ரிலீஸ்' பண்ணி 'ரிமூவ்' பண்ணுங்க. ஃபைல் இன்னும் இருக்கும் டிஸ்கை ரிமூவ் பண்ணும்போது, ஃபைலையும் அழிக்கவான்னு கேட்கும். 'கீப்' அழுத்துங்க. எப்பவும் கீப். இடம் பத்தலைன்னா நாளைக்கு அழிச்சுக்கலாம்.

யூயூஐடியை மாத்த ஒரு கட்டளை இருக்கு, நெட்டில் எல்லாரும் அதைத்தான் முதல்ல சொல்வாங்க. ஸ்னாப்ஷாட் எடுத்த மெஷினில் அதைத் தொடாதீங்க. ஸ்னாப்ஷாட் எடுத்ததும் மூல டிஸ்க் அப்படியே உறைஞ்சு நிக்கும், அதுக்கப்புறம் நீங்க எழுதுறதெல்லாம் 'ஸ்னாப்ஷாட்ஸ்' ஃபோல்டரில் ஒரு புது ஃபைலுக்குப் போகும். அந்த ஃபைல் தன் அப்பா யார்னு யூயூஐடி வச்சுத்தான் தெரிஞ்சுக்குது. அப்பாவின் எண்ணை மாத்தினா சங்கிலி அறுந்திடும்.

எங்க பேட்ச்சில் ஒரு டீமுக்கு நடந்தது இது. மெஷின் திறக்கலை. ஃபோல்டரில் பார்த்தா பெரிய மூல டிஸ்க் நல்ல பேரோட இருக்கு, ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரில் குப்பை மாதிரி நீளமான எண்ணோட ஒரு ஃபைல். உதவ வந்தவர் அதைக் கேஷ்னு நினைச்சு அழிச்சுட்டார். மெஷின் திறந்துச்சு, மூணு வாரத்துக்கு முந்தின நிலையில். டிரெயின் பண்ணி வச்சிருந்த மாடல், ரிப்போர்ட்டுக்கு எடுத்த ரீடிங் எல்லாம் அந்த "குப்பை" ஃபைலில்தான் இருந்துச்சு. ரிவ்யூவை ஒரு வாரம் தள்ளி வச்சாங்க, மார்க் குறைஞ்சதுதான் மிச்சம்.

விசென்டர்: வேலைக்குப் போனப்புறம்

இன்டர்ன்ஷிப் போறவங்க விஎம்வேரைப் பார்க்க வாய்ப்பு அதிகம். அங்கே ரிஜிஸ்டர் மூணு அடுக்கு: ஒவ்வொரு ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டிலும் 'ஹோஸ்ட்-டி' சர்வீஸ், அதன் பக்கத்திலேயே விசென்டருக்குத் தகவல் சொல்லும் 'விபிஎக்ஸ்ஏ' ஏஜென்ட், மேலே விசென்டரின் டேட்டாபேஸ். ஹோஸ்ட் 10 விநாடிக்கு ஒருமுறை "நான் இருக்கேன்"னு யூடிபி 902 போர்ட் வழியா ஒரு பாக்கெட் அனுப்பும். 60 விநாடி வரலைன்னா விசென்டர் அந்த ஹோஸ்டை 'நாட் ரெஸ்பாண்டிங்'னு காட்டும். ஹோஸ்டைச் சேர்க்கும்போது நல்லா சேருது, சரியா ஒரு நிமிஷத்தில் போயிடுது என்றால் ஃபயர்வாலைத்தான் முதல்ல பார்க்கணும். அந்த ஹோஸ்டில் இருக்கும் வி.எம்.கள் எல்லாம் அது பாட்டுக்கு ஓடிட்டுதான் இருக்கும்.

வி.எம். பேருக்குப் பக்கத்தில் 'ஆர்ஃபன்ட்' என்று வந்தா: விசென்டர் ரிஜிஸ்டரில் இருக்கு, ஆனா ஹோஸ்டின் ரிஜிஸ்டரில் இல்லை. 'இன்ஆக்சசிபிள்' என்றால் ஹோஸ்டால் அதன் ஃபைலைத் தொட முடியலை, இங்கே ஸ்டோரேஜைச் சரி பண்ணாம வேற எதைச் செஞ்சும் பலனில்லை. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டா நேரம் வீண். கீழிருந்து மேலே வாங்க. டேட்டாஸ்டோரில் ஃபைல் இருக்கா? ஹோஸ்டுக்குள் நேரா லாகின் பண்ணா அங்கே வி.எம். தெரியுதா? ஹோஸ்டில் தெரிஞ்சு விசென்டரில் தெரியலைன்னா, ஹோஸ்ட்-டி, விபிஎக்ஸ்ஏ ரெண்டையும் ரீஸ்டார்ட் பண்ணலாம். வி.எம்.கள் வழக்கமா பாதிக்கப்படாது. ஆனா பேக்கப்போ ஸ்னாப்ஷாட்டோ ஓடிட்டு இருந்தா அது முடியற வரை காத்திருங்க.

ஹோஸ்டிலும் இல்லை, ஃபைல் மட்டும் இருக்குன்னா, பழைய பதிவை நீக்கிட்டு டேட்டாஸ்டோரிலிருந்து மறுபடி ரெஜிஸ்டர் பண்ணணும். நீக்குறதுக்கு ஒரே மெனுவில் ரெண்டு ஆப்ஷன் இருக்கும். 'ரிமூவ் ஃப்ரம் இன்வென்டரி' என்பது ஹாஸ்டல் ரிஜிஸ்டரில் பேரை அடிக்கிறது. 'டெலீட் ஃப்ரம் டிஸ்க்' என்பது ஆளைப் பெட்டி படுக்கையோட வெளியே தள்ளுறது. அவசரத்தில் மௌஸ் எங்கே நிக்குதுன்னு ஒருமுறை பார்த்துட்டு கிளிக் பண்ணுங்க.

மறுபடி ரெஜிஸ்டர் ஆன வி.எம். பேர் பழசா இருந்தாலும் விசென்டருக்கு அது புது ஆள்தான். உள்ளே ஒரு புது அடையாள எண் கொடுத்திடும். பழைய டேக், அந்த வி.எம்.முக்குன்னு கொடுத்த பெர்மிஷன், பெர்ஃபார்மன்ஸ் கிராஃப் எல்லாம் பழைய எண்ணோட போயிடும். பேக்கப் மென்பொருளும் பெரும்பாலும் அந்தப் பழைய எண்ணை வச்சுத்தான் வி.எம்.மைத் தேடும். அதனால் மெஷின் ஆன் ஆயிடுச்சுன்னு டிக்கெட்டை மூடறதுக்கு முன்னாடி பேக்கப் ஜாபைத் திறந்து, புது வி.எம்.மை அதில் சேர்த்து, ஒரு பேக்கப்பை அப்பவே ஓட்டிப் பாருங்க.